கண்டியில் ஒரு கற்கண்டு

கொழும்புக் கோட்டையிலிருந்து கண்டிக்குப் புறப்பட்ட காலைப் புகையிரதத்தில் எனக்கு எதிரே ஒரு தகப்பனாரும், பத்து வயது மதிக்கத்தக்க அவருடைய மகனும் அமர்ந்திருந்தனர். வண்டி கடுகண்ணாவை மலையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகையில், பாதாளம் போன்ற பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையன் திடீரென்று திரும்பிக் கேட்டான்: "அப்பா, மிட்டாய்க்கு ஆங்கிலத்தில் 'கேண்டி' என்கிறார்கள். இந்த ஊருக்கும் 'கேண்டி' என்கிறார்கள். மிட்டாய் இந்த ஊரிலிருந்துதான் போனதா?"

தகப்பனார் சிரித்து மழுப்பிவிட்டார். பையனுடைய கேள்வியோ என்னோடு கண்டி வரையில் பயணம் செய்தது.

உண்மை இதுதான். வடமொழியில் துண்டு என்று பொருள்படும் 'கண்ட' என்னும் சொல் பாரசீகமும் அரபு நாடும் சென்று 'கந்த்' ஆகி, பின்னர் ஐரோப்பாவில் 'கேண்டி' ஆயிற்று. நம் வீட்டுக் கற்கண்டும் அச்சொல்லுக்கு உறவுதான். ஊர்ப் பெயரின் கதை வேறு. மலைமேல் நாடு எனப் பொருள்படும் 'கந்த உட ரட்ட' என்ற சிங்களத் தொடரைப் போர்த்துக்கேயர் தம் நாவுக்கு ஏற்றபடி குறுக்கினர். அதிலிருந்து பிறந்ததே இன்றைய பெயர். ஆகவே மிட்டாய்க்கும் ஊருக்கும் ஓசையில் ஒற்றுமையேயன்றி உறவு ஏதுமில்லை.

ஆயினும், அந்த முறை நான் கண்டிக்குச் சென்றதே ஒரு மிட்டாயின் பொருட்டுத்தான் என்பதைச் சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும்.

பேத்தியின் ஆசை

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் உள்ள திகனையில் என் பெரியம்மா வாழ்கிறார். எழுபத்தைந்தைத் தாண்டிய வயது. அவருடைய பேத்தி ஏதோவொரு படத்தில், குச்சியிற் செருகிய முழு அப்பிளைப் பாகிலே தோய்த்து, அதன்மேற் சொக்கலேட் போர்த்தியிருப்பதைக் கண்டுவிட்டாள். மேல்நாடுகளில் இது இலையுதிர் காலத்துப் பண்டம். இங்கிலாந்தில் நவம்பர் 5ஆம் திகதி இரவு தீ மூட்டிக் கொண்டாடும் வேளையிலும், அமெரிக்காவில் அக்டோபர் மாத முடிவிலும் பிள்ளைகள் இதைக் கையில் ஏந்தித் திரிவார்கள். தன் பிறந்த நாளைக்கு இதுதான் வேண்டும் என்பது பேத்தியின் பிடிவாதம்.

"கடையில் விற்கும் சொக்கலேட்டை உருக்கி ஊற்றினால் முடிந்தது" என்றாள் அக்கா. பெரியம்மா மறுத்துவிட்டார். "கொக்கோ மரம் கொல்லையில் நிற்கிறது. கித்துள் மரம் பக்கத்து வளவில் நிற்கிறது. கடைக்கு எதற்குப் போக வேண்டும்?" என்று அவர் கேட்டதாகத் தொலைபேசியில் எனக்குச் செய்தி வந்தது. உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்றும் சொன்னார்கள். புறப்பட்டுவிட்டேன்.

சந்தையும் பூங்காவும்

கண்டியில் இறங்கியதும் முதல் வேலை அப்பிள் வாங்குவது. 1807ஆம் ஆண்டில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைக்கத் தொடங்கிய ஏரி, வெயிலில் வெள்ளித் தட்டாக மின்னிக்கொண்டிருந்தது. தென்னகத்து நாயக்கர் மரபில் வந்த அம்மன்னனே கண்டியின் கடைசி அரசன். 1815இல் அரசிழந்து, வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து, 1832இல் அங்கேயே மாண்டான். கரையோரமாக நடந்து சந்தைக்குப் போனேன்.

அடுக்கடுக்காக இருந்த அப்பிள்கள் எல்லாம் கடல் கடந்து வந்தவை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அப்பிளையும் அத்தியாவசியமற்ற பொருளென அரசாங்கம் பட்டியலிட்டு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும், அந்நாட்களில் ஒரு பழத்தைப் பல துண்டாக்கிக் குடும்பமே பகிர்ந்துகொண்டதும் நினைவுக்கு வந்தன. சிறிய, கெட்டியான, சற்றுப் புளிப்புள்ள ஆறு பழங்களைத் தேர்ந்தெடுத்தேன். பாகின் இனிப்புக்குப் புளிப்புத்தான் துணை.

திகனை பஸ்ஸில் ஏறுமுன் பேராதனைப் பூங்காவையும் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கண்டியிலிருந்து அது நாலு மைல் தூரம் இருக்கும். மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, ஏறக்குறைய 147 ஏக்கரில் விரிந்திருக்கும் அப்பூங்காவை 1821இல் அலெக்சாந்தர் மூன் என்பவர் தொடக்கி வைத்தார். பிற நாட்டுப் பயிர்கள் பல இந்த மண்ணில் ஊன்றுவதற்கு முன் பழகிப் பார்த்த இடம் அது.

கொக்கோ மரத்தின் அருகே நின்றேன். பூவும் காயும் கிளை நுனியில் இல்லை. தடித்த அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பூ, சட்டைப் பொத்தானிலும் சிறியது. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒருவகைச் சிற்றீக்களே அதற்கு மகரந்தம் சேர்ப்பவை. பூ காயாகிப் பழுக்க ஐந்தாறு மாதம் செல்லும். 1753இல் லின்னேயஸ் என்னும் தாவர அறிஞர் இம்மரத்துக்குத் 'தேவர் உணவு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

அந்தத் தேவர் உணவு கண்டிச் சீமையிற் பரவியதற்கு ஒரு நோயே காரணம். 1869இல் இலங்கைக் கோப்பிச் செடிகளின் இலைகளில் துரு போன்ற மஞ்சட் பொடி தோன்றியது. சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் பாழாயின. உயர்ந்த குளிர்மலைகளில் தேயிலை குடியேறிற்று. வெப்பமும் நிழலும் வேண்டிய கொக்கோ, தாழ்ந்த பள்ளத்தாக்குகளான தும்பறையிலும் மாத்தளையிலும் இடம் பிடித்தது. தேயிலைத் தோட்டத்தைப் போலவே கொக்கோத் தோட்டத்திலும் பாடுபட்டவர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த நம்மவரே. தேயிலைத் தொழிலாளியைப் பற்றி எழுதியவர் பலர். கொக்கோத் தொழிலாளியை நினைப்பவர் சிலர்.

நீருக்குள் ஒரு தோட்டம்

தென்னகும்புரைப் பாலத்தில் மகாவலியைக் கடந்து, குண்டசாலை, பல்லேகலை வழியாக பஸ் திகனையை அடைந்தபோது மாலை மூன்று மணி. பெரியம்மா வாசலில் நின்றார். "வாங்க தம்பி! அப்பிள் வந்திருச்சா?" என்பதே முதல் விசாரணை. சுகம் விசாரித்ததெல்லாம் பிறகுதான்.

தேநீர் குடித்ததும் என்னை மேட்டு நிலத்துக்கு அழைத்துச் சென்றார். கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் நீல நிறத்தில் பரந்து கிடந்தது. 122 மீற்றர் உயர அணை, 1985இல் திறக்கப்பட்டது. நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. கீழ்நிலங்களுக்குத் தண்ணீர் தருகிறது. அதன் நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த நீருக்கு அடியில் தும்பறைப் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியும் பழைய தெல்தெனியாப் பட்டினமும் கிடக்கின்றன. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய ஊரின் இடிபாடுகள் தலை காட்டும்.

பெரியம்மா நீரின் நடுவே ஓரிடத்தை விரலால் சுட்டினார். "அங்கினதான் நம்ம லயம். பதின்மூணு வயசுல இருந்து கொக்கோ உடைச்சேன். கட்டையால ஒரு தட்டு, கையால ஒரு வழிப்பு. ஒரு விதையைக்கூட மடியில கட்டிட்டுப் போகக் கூடாது. ஒரு துண்டு சொக்கலேட் எப்படி இருக்கும்னு அந்தத் தோட்டத்துல நாங்க யாரும் கண்டதில்லை தம்பி."

அவரும் அவருடைய தம்பியும், அதாவது என் மாமாவும், கங்காணி காணாத வேளையில் விதையைச் சுற்றியுள்ள வெண்சதையைச் சப்பிவிட்டு விதையைக் கூடையில் துப்புவார்களாம். அந்தச் சதை இனிப்பும் புளிப்புமாக இருக்கும். சொக்கலேட்டில் அவர்கள் பங்கு அவ்வளவே.

1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைக் கணக்கிட்டுப் பிரித்த ஒப்பந்தம் அது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வதாக முடிவு. அந்தக் கணக்கிலே அக்காள் இங்கே, தம்பி அங்கே என்று ஆயிற்று. 1972இல் மாமா தலைமன்னாரிற் கப்பலேறினார். நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியில் குடியேறினார். இங்கிருந்தபோது அவரை இந்தியாக்காரன் என்றார்கள். அங்கே போனதும் சிலோன்காரன் என்றார்கள்.

கல்லில் அரைந்த கொக்கோ

நான் வருவதற்கு முன்பே பெரியம்மா பாதி வேலையை முடித்துவிட்டிருந்தார். கொல்லையிலும் அயல் வளவுகளிலும் ஐம்பது காய் சேர்த்து உடைத்து, விதைகளைச் சதையோடு கூடையிலிட்டு, வாழையிலையால் மூடி, மேலே சாக்குப் போர்த்தியிருக்கிறார். இரண்டு நாளைக்கு ஒரு முறை கிளறிவிட்டு ஆறு நாள் புளிக்க வைத்திருக்கிறார். கூடைக்குள் கையை வைத்தால் சூடு தெரியும். இந்தப் புளிப்பு இல்லையேல் சொக்கலேட்டின் மணம் பிறக்காது. பச்சை விதையை வறுத்தால் வெறுங் கசப்பும் துவர்ப்புமே மிஞ்சும். பின்னர் விதையைக் கழுவி ஒரு வாரம் வெயிலில் உலர்த்தினார். கழுவி உலர்த்துவது பழைய இலங்கைத் தோட்டங்களின் வழக்கம். ஏறக்குறைய இரண்டு கிலோ தேறியது. ஐம்பதாண்டுக்கு மேலாகியும் கை மறக்கவில்லை.

அடுத்த கட்டம்தான் அவர் அறியாதது. தோட்டத்தில் விதை மூட்டையாகி லொறியேறியதோடு அவர்களுடைய அறிவின் எல்லை முடிந்தது. இங்கே கைகொடுத்தவள் கோத்தகிரியில் இருக்கும் மாமாவின் பேத்தி. நீலகிரியில் வீட்டுச் சொக்கலேட் பெயர் பெற்ற பண்டமல்லவா? அவளும் வீட்டிலே செய்து விற்கிறாள். கைப்பேசியில் முகம் காட்டி, "இளந்தீயில் அரை மணி நேரம் வறுங்க அத்தை. தோல் வெடிக்கிற சத்தம் கேட்டதும் இறக்கிடுங்க" என்று அக்காவுக்குப் பாடம் சொன்னாள்.

வறுத்து, நொறுக்கி, சுளகிற் புடைத்துத் தோலைப் போக்கினோம். வீடு முழுவதும் வாசம். இட்லிக்கு மாவரைக்கும் கல் இயந்திரத்தில் பருப்பைச் சிறிது சிறிதாகப் போட்டோம். தண்ணீர் ஒரு துளியும் கூடாது. கொக்கோப் பருப்பிற் பாதி கொழுப்பு ஆதலால், கல்லின் சூட்டில் அது தானே இளகிக் குழம்பாகிவிடுகிறது. கோயம்புத்தூரில் மாவுக்காகப் பிறந்த இத்தகைய இயந்திரத்தைச் சற்றே மாற்றி, இன்று அமெரிக்கா, ஐரோப்பாவிலுள்ள சிறு சொக்கலேட் தொழிலாளரும் பயன்படுத்துகின்றனர் என்று கோத்தகிரிப் பெண் சொன்னபோது எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமைக்குச் சோதனை உடனே வந்தது. சீனிக்குப் பதிலாகக் கித்துள் பாணி ஊற்றினால் நம்மூர் மணம் வருமே என்று அக்கா ஒரு கரண்டி ஊற்றிவிட்டாள். பட்டுப்போல் ஓடிக்கொண்டிருந்த குழம்பு மறுகணமே இறுகிக் களியாயிற்று. பாணியிலுள்ள நீர்தான் காரணம். அந்தக் களியைத் தேங்காய்த் துருவலோடு உருட்டிப் பிள்ளைகள் தின்று தீர்த்தனர். எஞ்சிய பருப்பை மறுநாட் காலையில் மீண்டும் போட்டு, இரண்டு பங்குக்கு ஒரு பங்கு பொடித்த சீனி சேர்த்து இரவுவரை அரைத்தோம். நாக்கில் மணல்போல் உறுத்தாமலிருந்தால் பதம்.

கித்துள் மரத்தின் கொடை

சொக்கலேட்டோடு சேராத கித்துளுக்கு உரிய இடம் பாகிலே இருந்தது. பக்கத்து வளவுச் சிங்களப் பெரியவர் காலையும் மாலையும் மரமேறுபவர். பூங்குலையை மெல்லியதாகச் சீவி, சொட்டும் தெளிவைக் கலயத்திற் பிடிக்கிறார். அது புளித்துக் கள்ளாகாதிருக்க ஹல் மரப்பட்டைத் துண்டொன்றை இடுகிறார். ஏழெட்டுப் போத்தல் தெளிவு காய்ந்தால் ஒரு போத்தல் பாணி. அதனை மேலும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. "எனக்குப் பிறகு ஏற ஆளில்லை, விழுந்தால் யார் பார்ப்பது என்று பையன்கள் கேட்கிறார்கள்" என்றார் அவர். கருப்பட்டிக்குப் பணம் கொடுத்தபோது பாதியைத் திருப்பித் தந்து, "பிள்ளையின் பிறந்த நாள்" என்று மட்டும் சொன்னார்.

செய்முறை

குடும்பத் தலைவியர் கேட்பார்கள் என்பதால் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஆறு சிறிய அப்பிளுக்குக் கித்துள் கருப்பட்டி 400 கிராம், முதற் தேங்காய்ப் பால் ஒரு கோப்பை, வெண்ணெய் 50 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, தேசிக்காய்ச் சாறு சில துளி. தேசிச் சாறு பாகு மணல் மணலாகப் பூத்துப் போகாமற் காக்கும்.

முதலில் அப்பிளைச் சுடுநீரிற் கழுவி அழுத்தித் துடைக்க வேண்டும். இறக்குமதிப் பழத்தின்மேல் மெழுகு பூசியிருப்பார்கள். அது இருந்தால் பாகு வழுக்கி இறங்கிவிடும். எங்கள் முதற் பழத்தில் அதுவே நடந்தது. ஈரம் முற்றாகப் போனபின் காம்புப் பக்கம் மூங்கிற் குச்சியைச் செருகிக் குளிரூட்டியில் வைக்கவும்.

கருப்பட்டியைச் சீவித் தேங்காய்ப் பாலிற் கரைத்து வடித்து, அடி கனத்த பாத்திரத்தில் வெண்ணெயும் மற்றவையும் சேர்த்து, இடைவிடாது கிளறிக் காய்ச்சவும். ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டால் கெட்டியான உருண்டையாகத் திரள வேண்டும். வெப்பமானியில் ஏறக்குறைய 118 பாகை. பாகு கொதிநீரிலும் சூடானது. தோலில் ஒட்டினால் விடாது. ஆகையாற் பிள்ளைகளை இந்த வேளையில் அடுப்பருகே விடலாகாது. இறக்கி, குமிழி அடங்கியபின் பழத்தைச் சுழற்றித் தோய்த்து, வெண்ணெய் தடவிய தட்டில் நிறுத்தவும்.

பாகு ஆறி இறுகியதும் சொக்கலேட். மூன்றில் இரண்டு பங்கைச் சுடுநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கி, இறக்கிய பின் மீதிப் பங்கைப் பொடித்துப் போட்டுக் கிளறி, கைச்சூட்டிலும் சற்றுக் குறைவாக ஆறியதும் தோய்த்தால் பளபளப்புடன் இறுகும். அவசரப்பட்டுச் சூடாகத் தோய்த்தால் மறுநாள் வெள்ளை பூத்துவிடும். கண்டியின் மழைக்காற்றில் பாகு நீர்த்துப் போகும். எனவே மூடிக் குளிரூட்டியில் வைத்து இரண்டொரு நாளில் உண்டு முடிக்க வேண்டும். இது சுவைக்காக மட்டுமன்று. 2014இன் இறுதியில் அமெரிக்காவில் விற்பனையான பாகு அப்பிள்களில் கிருமி பெருகி 35 பேர் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர். குச்சி குத்திய துளையிற் கசியும் சாறும், வெளியில் நெடுநாள் வைத்திருந்ததும் காரணமென்று கண்டறிந்தார்கள்.

அப்பிள் விலைக்கு அஞ்சுபவர்கள் செங்காய்ப் பருவக் கொய்யாவை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் ஒன்று செய்து பார்த்தோம்; குறை சொல்ல இடமில்லை.

முதற் கடி

பிறந்த நாளன்று மாலை ஐந்து அப்பிள்கள் தட்டில் நிமிர்ந்து நின்றன. பேத்தி முதலாவதைத் தன் பாட்டியிடம் நீட்டினாள். பல் இல்லாதவர் முழுப்பழத்தை எப்படிக் கடிப்பார்? அக்கா ஒரு சிறு கீற்று அரிந்து கொடுத்தாள். பெரியம்மா வாயிலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் யாரும் பேசவில்லை.

அப்போது கைப்பேசி ஒலித்தது. கோத்தகிரியிலிருந்து மாமா. "அக்கா, எப்படி இருக்கு? நாம சப்புவோமே அந்த வெள்ளைச் சதை, அந்த ருசி இருக்கா?"

பெரியம்மா சிறிது நேரம் யோசித்தார். "இல்லடா. அது புளிக்கும். இது கொஞ்சம் கசக்குது, பிறகு இனிக்குது. நீயும் இருந்து தின்னிருக்கணும்" என்றார். பிறகு கைப்பேசியை எங்களிடம் தந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நான் புறப்படுகையில், ஒரு சிறு தகரப் பெட்டியில் சொக்கலேட் துண்டுகளை அடுக்கி என்னிடம் கொடுத்தார். கொழும்பிலிருந்து சென்னைக்குப் போகும் யாரிடமேனும் கொடுத்து அதைக் கோத்தகிரியில் சேர்ப்பிக்க வேண்டும் என்பது கட்டளை. மடியில் ஒரு விதையும் கட்டக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த கை, பெட்டியை இறுக்கிக் கட்டியது. பெட்டி மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தது.

புகையிரதத்தில் திரும்புகையில் அந்தப் பையனை மறுபடியும் காண மாட்டோமா என்றிருந்தது. கண்டால் இப்படிச் சொல்லியிருப்பேன்: தம்பி, மிட்டாய் என்ற பெயர் இந்த ஊரிலிருந்து போகவில்லை. ஆனால் மிட்டாய்க்கு வேண்டியதில் முக்காற் பங்கு இங்கேதான் விளைகிறது. அதை விளைவித்தவர்களும் இங்கேதான் இருந்தார்கள். அடுத்த முறை ஒரு துண்டு கையில் எடுக்கும்போது, அதை உடைத்த கைகளுக்கு ஒரு துண்டு கிடைத்ததா என்று கேட்டுப் பார்.